முதலில் கால்தான் எச்சரித்தது... ஆறாம் ஜார்ஜை விடாமல் துரத்திய சிகரெட்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஏதாவது இருந்தால், அதன் அடியில் பிரிட்டிஷ் காலத்து அணா நாணயம் ஒன்றிரண்டு கிடக்க வாய்ப்பிருக்கு. எடுத்துத் துடைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மன்னரின் தலை இருக்கும். தாடி வைத்திருந்தால் அது ஏழாம் எட்வர்டு, இல்லாவிட்டால் அவருடைய மகன் ஐந்தாம் ஜார்ஜ். தாடியில்லாமல், ஒடுங்கிய கன்னத்தோடு ஒருத்தர் கிரீடம் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தால், அவர்தான் ஆறாம் ஜார்ஜ். பேரன். இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை வைத்திருந்த கடைசி மனிதர். இரண்டாம் எலிசபெத் ராணியின் அப்பா.

அந்த மூன்று தலைகளுக்கும் பொதுவாக ஒரு விஷயம் உண்டு. மூணு பேருமே கடுமையாகப் புகைத்தவர்கள்.

ஆறாம் ஜார்ஜை உங்களில் பலருக்கு, 2010-ல் வந்த தி கிங்ஸ் ஸ்பீச் படத்தின் மூலமாகத் தெரிந்திருக்கும். திக்குவாயோடு போராடும் இளவரசர், அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்திரேலியர். அதில் ஒரு காட்சி வரும். இளவரசர் சிகரெட்டைப் பற்றவைக்கப் போவார், பயிற்சியாளர் தடுப்பார். புகை தொண்டையைத் தளர்த்தும் என்று என் டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள் என்பார் இளவரசர். சினிமாவுக்காக எழுதிய காட்சிதான். ஆனால், அந்தக் காலத்தின் புத்தி அதுதான். சிகரெட் அப்போது விஷமில்லை. நரம்புத் தளர்ச்சிக்கு நண்பன்.

இவர் எப்படி இறந்தார் என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் நுரையீரல் புற்றுநோய் என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். அது பாதிக் கதை. புற்றுநோய் வந்தது நிஜம், ஒரு நுரையீரலையே எடுத்தார்கள், அதுவும் நிஜம். ஆனால், அவர் உயிரைக் கொண்டுபோனது இதயம். அதைவிட முக்கியம், நுரையீரலில் நிழல் தெரிவதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் உடம்பு வேறொரு இடத்திலிருந்து தந்தி அடித்துவிட்டது. காலிலிருந்து!

புகை என்றாலே இருமல், சளி, நுரையீரல் என்று மட்டும் யோசிக்கிற பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த மனுஷரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்னு தோணுது.

புகைக்குள் பிறந்தவர்

1895 டிசம்பர் 14-ம் தேதி, சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டில் இருக்கும் யார்க் காட்டேஜில் பிறந்தார் ஆல்பர்ட். வீட்டில் பெர்ட்டி. இளவரசர் குடும்பம் என்றாலும், அது அரண்மனை இல்லை. பிள்ளைகளும் வேலைக்காரர்களும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த வீடு. அப்பா புகைப்பார். அம்மா மேரியும் புகைப்பார். பக்கத்துப் பெரிய மாளிகையில் தாத்தா. அவர் ஒரு நாளைக்கு இருபது சிகரெட்டும் பன்னிரண்டு சுருட்டும் புகைத்தவர் என்று சொல்லப்படுகிறது. ஆக, முதல் சிகரெட்டை வாயில் வைப்பதற்கு முன்னாலேயே பெர்ட்டி பல வருஷம் புகையை இழுத்தவர்தான்.

இது ஏதோ ஒரு வரிக்காகச் சொல்கிற விஷயம் இல்லை. பெற்றோர் புகைத்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் ரத்தக்குழாய்கள், அவர்கள் பெரியவர்களான பிறகும் மற்றவர்களுடையதைவிட மோசமான நிலையில் இருப்பதை நம் காலத்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால்கனியில் நின்று பிடிக்கிறேன், பிள்ளை உள்ளேதானே இருக்கு என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளலாம்.

பெர்ட்டியின் குழந்தைப் பருவம் சந்தோஷமானது இல்லை. இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளையை வலதுகையால் எழுத வைத்தார்கள். முட்டி உள்நோக்கி வளைந்திருக்கிறது என்று காலில் கட்டை வைத்துக் கட்டினார்கள். அப்பாவின் கண்டிப்பு, அண்ணன் டேவிட்டின் பளபளப்பு, இரண்டுக்கும் நடுவில் நாக்கு திக்கத் தொடங்கியது. கூடவே வயிற்று வலி. 1909-ல் ஆஸ்பர்ன் கடற்படைப் பள்ளி, பிறகு டார்ட்மவுத், அப்புறம் கப்பல். சிகரெட்டும் அந்தக் கடற்படை இளமையில் ஒட்டிக்கொண்டதுதான். முதல் உலகப்போரில் சிப்பாய்க்கு ரொட்டியோடு சிகரெட்டும் ரேஷனில் போன காலம். வேண்டாம் என்று சொல்கிறவன்தான் விசித்திரப் பிராணி.

1916 ஜட்லாண்ட் கடற்போரின்போது கப்பலின் நோயாளி அறையில் படுத்திருந்தவர், சண்டை தொடங்கியதும் எழுந்து பீரங்கி மேடைக்குப் போய்விட்டார். தைரியத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனால், வயிறு விடவில்லை. 1917 நவம்பரில் முன்சிறுகுடல் புண்ணுக்காக அறுவை சிகிச்சை செய்தார்கள். அப்போது அவருக்கு வயசு 21.

இந்த இடத்தில் நியாயமாக இருக்கணும். குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியா என்பது 1980-களில் தெரிந்துவிட்டது. சிகரெட்டின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனால், புகைப்பவருக்கு அந்தப் புண் ஆறுவது தாமதமாகும், ஆறியது மறுபடி வரும் என்பதும் உறுதியான விஷயம். வயிற்று வலியால் அவதிப்பட்ட இளைஞன் அதை மறக்க என்ன செய்திருப்பான்? இன்னொன்று பற்றவைத்திருப்பான். அப்போது யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

அப்புறம் வாழ்க்கை கொஞ்சம் வெளிச்சமாகிறது. 1923-ல் எலிசபெத் போவ்ஸ்-லயனுடன் கல்யாணம். முன்பு மறுத்தவரை விடாமல் கேட்டுக் கட்டிக்கொண்டார். 1926-ல் மூத்த மகள் எலிசபெத், 1930-ல் இளையவள் மார்கரெட். அதே 1926-ல் விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் இடதுகையால் ஆடி முதல் சுற்றிலேயே தோற்றார். தோல்வியை விடுங்கள், விம்பிள்டன் புல்தரையில் இறங்கி ஓடுகிற கால்கள் அப்போது அவருக்கு இருந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் அக்டோபரில்தான் லயனல் லோக் என்கிற அந்த ஆஸ்திரேலியரிடம் பேச்சுப் பயிற்சி தொடங்கியது.

1936-ல் அப்பா போனார். நாள்பட்ட மார்ச்சளி நோயோடு பல வருஷம் இழுத்துக்கொண்டிருந்தவர். அண்ணன் எட்டாம் எட்வர்டாகி, ஒரு வருஷம்கூட முடியாமல், காதலுக்காக முடி துறந்தார். யாரும் எதிர்பார்க்காத தம்பி, 41-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது அரசர் ஆனார். மூன்று வருஷத்தில் போர். 1940 செப்டம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனை மேலேயே குண்டு விழுந்தது; மனைவியோடு அங்கேயே இருந்தார். ஒவ்வொரு வானொலி உரைக்கும் முன்னால் லோக்குடன் ஒத்திகை, கைநடுக்கம், சிகரெட். போர்க்கால அரசரைப் பற்றி எழுதியவர்கள் யாரும் அந்தச் சிகரெட்டை விட்டுவிட்டு எழுத முடிந்ததில்லை.

குன்றில் நின்றுபோன கால்

1947-ல் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கப் பயணம். மூன்று மாதத்துக்கும் மேல். திரும்பி வந்தபோது ஏறக்குறைய 8 கிலோ எடை குறைந்திருந்தது. அலைச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள். 1948 ஜனவரியிலிருந்து காலில் பிடிப்பு ஆரம்பித்தது. அந்தக் கோடையில் எடின்பரோவில், அரண்மனைக்குப் பக்கத்திலிருக்கும் ஆர்தர்ஸ் சீட் குன்றில் உதவியாளரோடு ஏறும்போது, கால் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறதே என்று எரிச்சலோடு புலம்பினார். அவருக்கு அப்போது 52 வயசு. வேட்டைக்காக மலையும் மேடும் ஏறி இறங்கிப் பழகிய மனுஷர்.

இலையுதிர் காலத்தில் நிலைமை மோசமானது. இடது பாதம் நாள் முழுக்க மரத்துப்போய் இருந்தது. ராத்திரி வலியில் தூக்கம் இல்லை. பிறகு அதே தொல்லை வலது காலுக்கு மாறியது. இவ்வளவும் வைத்துக்கொண்டு நாடாளுமன்றத் தொடக்க விழா, போர் நினைவு நாள் என்று நின்றுகொண்டே இருந்தார்.

என்ன நடந்துகொண்டிருந்தது அந்தக் காலுக்குள்?

நம் ரத்தக்குழாயின் உள்சுவர், ஒரே ஒரு செல் கனமுள்ள மெல்லிய படலம். வழவழப்பாக இருப்பது மட்டும் அதன் வேலை இல்லை. ரத்தம் அதிகம் தேவைப்படும்போது குழாயை விரியச் சொல்வதும் அதுதான். அதற்காக நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயுவைச் சுரக்கும். சிகரெட் புகையில் இருக்கும் ரசாயனங்கள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, முதலில் கைவைப்பது இந்தப் படலத்தில். விரியும் திறன் குறைகிறது. சுவரில் கீறல் விழுந்த இடத்தில் கொழுப்பு ஒதுங்குகிறது, வீக்கம் வருகிறது, மெல்ல மெல்லக் குழாய் தடிக்கிறது. போதாக்குறைக்கு, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமும் அதிகமாகிறது.

இது வருஷக்கணக்கில் நடப்பது. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் உடனே நடப்பது வேறு. நிகோட்டின் உள்ளே போனதும் உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கைவிரல் கால்விரல்களின் சின்னக் குழாய்கள் சுருங்குகின்றன. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடோ, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள்: இதயத்துக்கு வேலை அதிகம், குழாய் குறுகல், அதில் ஓடும் ரத்தத்திலும் ஆக்சிஜன் குறைவு. மூணும் ஒரே நேரத்தில்.

சும்மா உட்கார்ந்திருந்தால் இது தெரியாது. நடக்கும்போதுதான் ஆடுசதை அதிக ரத்தம் கேட்கும். கிடைக்காதபோது பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் கிட்டத்தட்ட அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். ஜெர்மானியர்கள் இதற்குக் கடை ஜன்னல் நோய் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்; வலியில் நிற்பதை மறைக்க, கடைக் கண்ணாடியில் ஏதோ பார்ப்பதுபோல நிற்பார்களாம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். டீக்கடைக்குப் போகும் வழியில் பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு தடவை, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தடவை நிற்பார். நாம் அவர் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நினைப்போம். கேட்டால், வயசாச்சுல்ல தம்பி என்பார். வயசு இல்லைங்க, அது ரத்தக்குழாய்.

அடுத்த கட்டம்தான் அரசருக்கு வந்தது. படுத்திருக்கும்போதே வலி. படுக்கையில் காலை நீட்டினால் ரத்தம் இன்னும் ஏறாது. அதனால் பலர் ராத்திரியில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுத் தூங்குவார்கள். அதற்கும் அடுத்த கட்டம், ஆறாத புண், கறுத்துப்போகும் விரல், அழுகல். இந்த வரிசையில் சர்க்கரைநோயும் சேர்ந்துகொண்டால் வேகம் கூடும். அந்தச் சர்க்கரைநோய் வரும் வாய்ப்பையே புகைப்பழக்கம் 30 முதல் 40 சதவிகிதம் வரை அதிகமாக்குகிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. சர்க்கரை வந்தால் இனிப்பை நிறுத்துகிற ஆள், பாக்கெட்டில் இருக்கும் பெட்டியைத் தொடமாட்டார்.

அரசருக்கு பர்ஜர் நோயும் இருந்ததாக எழுதுகிறார்கள். கை கால்களின் சின்ன, நடுத்தரக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோய் அது. கிட்டத்தட்டப் புகையிலைக்காரர்களுக்கே வருவது. 1908-ல் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் விரிவாக எழுதினார். பீடிப் பழக்கம் காரணமாக நம் நாட்டில் இது இன்னும் காணக்கூடிய நோய். நாற்பது வயசுகூட ஆகாமல் விரலை இழந்த ஆட்களை அரசு மருத்துவமனை வார்டுகளில் பார்க்கலாம். அதில் இருக்கிற ஒரே நல்ல செய்தி, புகையை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் நோயும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். குறைத்தால் போதாது. அடியோடு.

மகளிடம் மறைத்த வலி

1948 நவம்பர் 12-ம் தேதி, எடின்பரோவின் ரத்தக்குழாய் அறுவை நிபுணர் ஜேம்ஸ் லியர்மன்த் அரசரைப் பரிசோதித்தார். கால் தமனிகளில் அடைப்பு. அழுகல் தொடங்கும் ஆபத்து. வலது காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். அப்போது மகள் எலிசபெத் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவம் முடியும்வரை அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் அப்பா. இரண்டு நாள் கழித்து, 14-ம் தேதி பேரன் பிறந்தான். இன்று மூன்றாம் சார்லஸ். மாளிகை முழுக்கக் கொண்டாட்டம். ஒரு அறையில் மட்டும் ஒருத்தர் கால் தப்புமா தப்பாதா என்று படுத்திருந்தார்.

நவம்பர் 23-ம் தேதி விஷயத்தை வெளியில் சொன்னார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணம் தள்ளிவைப்பு. கால்களின் ரத்த ஓட்டத்தில் தடை. அந்த மருத்துவ அறிக்கை காரணமாகச் சுட்டியது எதை தெரியுமா? கடந்த பன்னிரண்டு வருஷ உழைப்பின் சுமை அவருடைய உடல் தாங்கும் சக்தியைக் குறைத்துவிட்டது என்பதை. பன்னிரண்டு வருஷம் என்றால் 1936. அதாவது அண்ணன் விட்டுப்போன கிரீடம், அப்புறம் போர். சிகரெட் என்ற சொல் அதில் இல்லை.

பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சுமை உண்மையானதுதான். தன் கணவரின் ஆயுளை அந்தக் கிரீடம் குறைத்துவிட்டது என்று ராணியும் கடைசிவரை நம்பினார்; எட்வர்டையும் அவர் மனைவியையும் அதற்காக மன்னிக்கவே இல்லை என்பார்கள். ஆனால் பாருங்கள், சுமையைக் காரணமாகச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கு. அதில் தியாகம் இருக்கு. நம் வீடுகளிலும் இதே பேச்சுதானே? குடும்பத்துக்காக ஓடி ஓடித் தேய்ஞ்சுட்டாரு என்போம். ஓடியதும் உண்மை. ஓட்டத்துக்கு நடுவில் ஒரு நாளைக்கு ஒன்றரைப் பாக்கெட் காலியானதும் உண்மை. முதலாவதைச் சொன்னால் கண்ணீர் வரும். இரண்டாவதைச் சொன்னால் சண்டை வரும். அதனால் முதலாவதையே சொல்கிறோம்.

ரத்தக்குழாய் நிபுணர்களுக்கு அந்தக் காலத்திலேயே புகையிலைக்கும் கால் அடைப்புக்கும் உள்ள உறவு தெரியும். ஆனால், அந்தச் சின்ன வட்டத்துக்கு வெளியே அது போகவில்லை.

ஓய்வில் கொஞ்சம் தேறினார். 1949 மார்ச் 12-ம் தேதி, பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே அறுவை அரங்கு அமைத்து, லியர்மன்த் கத்தி வைத்தார். காலில் இல்லை, இடுப்புப் பகுதியில். ரத்தக்குழாய்களைச் சுருங்கச் சொல்லிக் கட்டளை போடும் நரம்பு அங்கிருந்துதான் காலுக்குப் போகிறது. அதை வெட்டிவிட்டால் கட்டளை போகாது. குழாய் கொஞ்சம் தளர்ந்து விரியும். ஒவ்வொரு சிகரெட்டும் எந்தக் குழாய்களைச் சுருக்கச் சொல்லிச் சொல்லி வந்ததோ, அதைக் காது கேளாமல் ஆக்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடைப்பை அது எடுக்காது. இன்றைக்கு என்றால் ஸ்டென்ட், பைபாஸ் என்று வழி இருக்கு. அன்று இதுதான் இருந்தது. கால் தப்பியது.

குணமான பிறகு கடைசிப் பரிசோதனைக்கு வந்த லியர்மன்தை, டிரெஸ்ஸிங் கவுனோடு இருந்த அரசர், ஒளித்து வைத்திருந்த வாளை எடுத்து அங்கேயே மண்டியிடச் சொல்லி சர் பட்டம் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கத்திக்குக் கத்தி! அந்த ஜூன் மாதம் பிறந்தநாள் அணிவகுப்புக்கு அவர் குதிரையில் வரவில்லை. திறந்த வண்டியில் உட்கார்ந்து பார்த்தார். குதிரையில் வந்தது மகள்.

நிழல்

1950 செப்டம்பரில், லண்டனில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, சிகரெட்டுக்கும் அந்தப் புற்றுக்கும் இருக்கும் உறவை எண்களில் காட்டினார்கள். டால் தானும் புகைத்தவர். தன் ஆய்வைப் பார்த்து நிறுத்திவிட்டார். அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இத்தனையும் நடந்தது.

1951 மே மாதம் அரசருக்குக் காய்ச்சல். இடது நுரையீரலில் நிழல். முதலில் சளி அழற்சி என்றார்கள். செப்டம்பரில் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. 23-ம் தேதி, மறுபடி அரண்மனைக்குள்ளேயே, கிளெமென்ட் பிரைஸ் தாமஸ் என்ற நிபுணர் இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தார். வெளியில் சொன்னது, நுரையீரலில் அமைப்பு மாற்றங்கள் என்று மட்டும். புற்றுநோய் என்ற சொல்லை அரசரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அறுவையின்போது குரல்வளைக்குப் போகும் நரம்பும் பறிபோய்விடுமோ என்று பயந்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பேச்சோடு மல்லுக்கட்டிய மனுஷருக்கு, கடைசியில் குரலே போயிருக்கும்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் உரையை நேரலையில் பேச அவருக்குத் தெம்பில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவுசெய்து ஒட்டினார்கள். கேட்டால் தெரியும், மூச்சு எவ்வளவு குறைச்சல் என்று. கூடவே ஒன்று: அறுவை செய்த பிரைஸ் தாமஸும் விடாமல் புகைத்தவர்தான். பின்னாளில் அவருக்கே நுரையீரல் புற்று வந்து, அவரிடம் படித்தவர்கள் அறுவை செய்தார்கள்.

1952 ஜனவரி 31-ம் தேதி, ஆப்பிரிக்கா கிளம்பிய மகளையும் மருமகனையும் வழியனுப்ப லண்டன் விமான நிலையத்துக்கு வந்தார். குளிர்காற்றில் தலையில் தொப்பிகூட இல்லாமல், குழிந்த கண்களோடு நிற்கும் அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். 56 வயசு என்று யாராலும் சொல்ல முடியாது. பிப்ரவரி 5-ம் தேதி சாண்ட்ரிங்ஹாமில் நாள் முழுக்க முயல் வேட்டை. சந்தோஷமாக இருந்தார். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். 6-ம் தேதி காலை ஏழரை மணிக்குப் பணியாளர் எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. இதயத் தமனியில் ரத்தக்கட்டி. தூக்கத்திலேயே முடிந்துவிட்டது.

காலில் நடந்ததும் இதயத்தில் நடந்ததும் ஒரே சமாச்சாரம். குழாய் மட்டும் வேற. மருத்துவர்கள் இதை இன்று ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கால் தமனி அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு காத்திருக்க வாய்ப்பு அதிகம். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற எளிய சோதனையே நிறையச் சொல்லிவிடும். நடந்தால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது என்றால், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புகைப்பவராக இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

இதயத்தைப் பொறுத்தவரை இன்னொரு தப்புக்கணக்கும் உண்டு. நான் ஒரு நாளைக்கு ஒண்ணுதான் என்பார்கள். இருபதில் ஒரு பங்கு புகை, இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கு, இருபது புகைப்பவரின் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது. புகையே தொடாமல், புகைப்பவரோடு வாழ்பவருக்கும் இதய நோய் ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. கண்புரை, எலும்புத் தேய்மானம், சிறுநீர்ப்பைப் புற்று என்று பட்டியல் இன்னும் நீளும். சிறுநீரகம் வடிகட்டி அனுப்பும் விஷம் சிறுநீர்ப்பையில்தானே தங்குகிறது? நிறுத்தினால் பலன் கிடைப்பதும் இதயத்தில்தான் சீக்கிரம். ஒரே வருஷத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகிவிடும். முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண் இருக்கு.

அரசர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1954 பிப்ரவரி 12-ம் தேதி, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உறவு இருப்பதை பிரிட்டிஷ் அரசு முதல்முறையாக ஒப்புக்கொண்டது. அறிவித்த சுகாதார அமைச்சர் இயன் மெக்லியாட், பத்திரிகையாளர் சந்திப்பு முழுக்க ஒன்று மாற்றி ஒன்று புகைத்துக்கொண்டே இருந்தார்!

மிச்சம் இருந்தவர்கள்

மூத்த மகள் புகையைத் தொடவில்லை. மருமகன் பிலிப், 1947-ல் கல்யாணத்தன்று காலையில் சிகரெட்டை நிறுத்திவிட்டார் என்று சொல்வார்கள். அப்பாவின் பழக்கம் எலிசபெத்தை அவ்வளவு உறுத்தியிருந்ததாம். பிலிப் 99 வயசு வரை இருந்தார். அரண்மனைக்குச் சிகரெட் வழங்குபவர் என்று பெட்டியில் ராஜமுத்திரை போட்டுக்கொள்ள பென்சன் அண்ட் ஹெட்ஜஸுக்கு விக்டோரியா காலத்திலிருந்து இருந்த உரிமையை, 1999-ல் திரும்பப் பெற்றார் ராணி.

மனைவி எலிசபெத், 29 வருஷம் அந்தப் புகைக்கு நடுவிலேயே வாழ்ந்தவர், 101 வயசு வரை இருந்தார். எங்க தாத்தா பீடி குடிச்சே தொண்ணூறு வரை இருந்தார் என்று வாதாடுபவர்களுக்கு நல்ல உதாரணம். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், அதே குடும்பத்தின் மற்றவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். முடி துறந்த அண்ணன் எட்வர்டு, 1972-ல் தொண்டைப் புற்றுநோயில் போனார்.

இளைய மகள் மார்கரெட்டுக்கு அப்பா என்றால் உயிர். அப்பா போனபோது அவருக்கு 21 வயசு. இளம் வயசிலேயே நீளமான சிகரெட் ஹோல்டரோடு படங்களில் வந்தவர். அந்தக் காலத்தில் அது ஸ்டைல். 1985 ஜனவரியில் அவருடைய இடது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அப்பாவுக்கு எடுத்த அதே பக்கம். நல்லவேளை, புற்று இல்லை. ஆனால், கதை அங்கேயும் நுரையீரலோடு நிற்கவில்லை. 1998-ல் முதல் பக்கவாதம். 2001-ல் மறுபடி. கடைசி மாதங்களில் சக்கர நாற்காலியில், கறுப்புக் கண்ணாடியோடு, பார்வை மங்கிப்போய் இருந்தார். 2002 பிப்ரவரி 9-ம் தேதி, இன்னொரு பக்கவாதத்துக்குப் பிறகு இறந்தார்.

இறுதிச் சடங்கு 15-ம் தேதி, விண்ட்சர் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில். சரியாக ஐம்பது வருஷத்துக்கு முன்னால், 1952-ல், அதே பிப்ரவரி 15-ம் தேதி அதே தேவாலயத்தில்தான் அவருடைய அப்பாவை அடக்கம் செய்திருந்தார்கள். மகளின் அஸ்தியை அப்பாவின் பக்கத்திலேயே வைத்தார்கள்.